இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் இதையெல்லாம் வாங்கிவிடுங்கள்: ஆக்குபேஷனல் தெரபி படிப்பவர்களுக்கு

படித்து முடித்து ஊருக்கு வந்த புதிதில், என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "ஓ.டி." என்று சொல்லிப் பார்த்தேன். "எந்த மில்லுலங்க?" என்றார்கள். திருப்பூர்ப் பக்கம் ஓ.டி. என்றால் ஓவர்டைம். ஆஸ்பத்திரியில் சொன்னால் ஆபரேஷன் தியேட்டரில் வேலையா என்பார்கள். அதனால் இங்கே முழுசாகவே எழுதுகிறேன்: ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயோ காயமோ குறைபாடோ உள்ளவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் சிகிச்சை.

அதை விரித்து விளக்கும் கட்டுரை இல்லை இது. இறுதியாண்டிலோ இன்டர்ன்ஷிப்பிலோ இருப்பவர்களுக்கும், கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் வேலைக்குச் சேர்ந்து ஓரிரண்டு வருடம் ஆனவர்களுக்கும் எழுதுகிறேன். நான் வெளியூரில் படித்தவள். படிப்பு முடிந்து மூன்று வருடம் கழித்து ஒரே ஒரு கடிதத்துக்காக ஏழு மாதம் அலைந்தேன், நான்கு தடவை பஸ் ஏறினேன். எந்தத் துறையில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தேன் என்று சொல்லும் கடிதம் அது. நான் படித்தபோது இருந்த துறைத் தலைவர் போய்விட்டார். புதிதாக வந்தவர், "நான் பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. இன்டர்ன்ஷிப்பின் கடைசி வாரத்தில் கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை.

1. லாக் புக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்

உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு (டபிள்யூ.எஃப்.ஓ.டி.) படிப்புக் காலத்தில் குறைந்தது 1,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு 7 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் 1,050 மணி. பொங்கலுக்கு ஊருக்குப் போனது, காய்ச்சலில் படுத்தது, அத்தை மகள் கல்யாணம் எல்லாவற்றையும் கழித்தால் ஆயிரத்துக்குக் கீழே போய்விடும். அதனால் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் போன கிளினிக்கல் போஸ்டிங்கையும் தேதியோடு எழுதி வையுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் தேதி, இடம், துறை, நாள் ஒன்றுக்கு எத்தனை மணி, மேற்பார்வையாளரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். எலும்பு, நரம்பு, குழந்தைகள், மனநலம், கை சிகிச்சை, சமூகம் என்று தனித்தனியாகப் பிரியுங்கள். நிறையப் பேர் குழந்தைகள் பிரிவிலேயே ஒட்டிக்கொண்டு மனநலப் போஸ்டிங்கை ஒப்புக்குப் போய் வருவார்கள். பின்னாளில் வெளிநாட்டுக் கவுன்சில் துறைவாரியாகக் கணக்குக் கேட்கும்போது அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

கையெழுத்தை அந்தந்த போஸ்டிங் முடிகிற நாளிலேயே வாங்குங்கள். "அப்புறம் மொத்தமா போட்டுக்கலாம்" என்று எந்த அண்ணன், அக்கா சொன்னாலும் கேட்காதீர்கள்.

2. கல்லூரியை விட்டு வருமுன் கையில் இருக்க வேண்டியவை

• எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல்களும்
• படிப்பு முடித்த சான்று, புரொவிஷனல் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று
• இன்டர்ன்ஷிப் முடித்த சான்று: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்க வேண்டும். "ஆறு மாதம்" என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள்
• கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைவாரி மணிக்கணக்குக் கடிதம், மூன்று ஒரிஜினல்
• நீங்கள் படித்த ஆண்டுகளுக்கான முழுப் பாடத்திட்டம், கல்லூரி முத்திரையோடு

கடைசி இரண்டையும் கல்லூரி தானாகத் தராது. நீங்களே டைப் செய்து எடுத்துப் போனால் அலுவலகத்தில் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புவார்கள். எழுதிக் கொடுங்கள் என்று வெறுங்கையோடு போய் நின்றால் நாளைக்கு வா, நாளை மறுநாள் வா என்பதுதான் பதில்.

பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும், அதுவரை புரொவிஷனல் போதும். பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டை வேலைக்குச் சேர்ந்த பிறகும் எடுக்கலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி என்றால் அலுவலகம் கிண்டியில். நேரில் போக வேண்டி வந்தால் கோவையிலிருந்து சேரன் அல்லது நீலகிரி, ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் கிண்டி. ஒரு விஷயம்: திங்கள்கிழமையும் பண்டிகைக்கு முந்தின நாளும் வேண்டாம். டிரான்ஸ்கிரிப்ட் கையில் கிடைக்க எனக்கு ஆறு வாரம் ஆனது.

3. பெயரும் இனிஷியலும்

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் இதில்தான் மாட்டினார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் ஓர் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாக எழுத வேண்டும். ஆதாரில் இன்னொரு மாதிரி. எழுத்துக்கூட்டில் ஒரு ஆங்கில எழுத்து கூடுதலாக இருந்தாலும், சரிபார்க்கும் நிறுவனங்களுக்கு நீங்கள் இரண்டு ஆள்.

இறுதியாண்டு தேர்வு விண்ணப்பத்தில் பெயரை எழுதுமுன் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்தில் தப்பாக அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. பாஸ்போர்ட்டில் பெயர் விரிந்திருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வையுங்கள். பல இடங்களில் அது போதும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்கும் தங்கைகளுக்கு என் பதில்: எல்லாப் பதிவும் முடிகிற வரை பழைய பெயரிலேயே இருங்கள்.

4. பதிவு: எது வேண்டும், எது வேண்டாம்

துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் (என்.சி.ஏ.ஹெச்.பி. சட்டம்) 2021-ல் வந்தது. ஆக்குபேஷனல் தெரபி அதன் கீழ்தான் வருகிறது. தேசிய ஆணையம், மாநில கவுன்சில், பதிவேடு எல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. பதிவுக்கான விண்ணப்பத்தை ஆணையத்தின் தளத்திலும் மாநில கவுன்சிலின் அறிவிப்பிலும் மட்டும் பாருங்கள். "நான் பதிவு பண்ணித் தர்றேன், இவ்வளவு கொடு" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் சான்றிதழ் நகலைக்கூடக் காட்ட வேண்டாம்.

அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் (ஏ.ஐ.ஓ.டி.ஏ.) இதிலிருந்து வேறு, அது தொழில் சங்கம். உறுப்பினராவது நல்லது. ஆண்டு மாநாடான ஓட்டிகானுக்குப் போனால் வேலை விவரம் காதில் விழும்.

அடுத்தது ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். சிறப்புக் கல்வியாளர், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்றவர்கள் அங்கே பதிவு செய்ய வேண்டும். நமக்கு அது கிடையாது. ஆனால் தெரபி சென்டர் நடத்துகிறவர்களும் பெற்றோர்களும் "ஆர்.சி.ஐ. நம்பர் என்னங்க?" என்று கேட்பார்கள். முதல் தடவை கேட்டபோது என் பெயர் விட்டுப்போய்விட்டதோ என்று பயந்து, அரைநாள் உட்கார்ந்து அந்தத் தளத்தில் என் படிப்பைத் தேடினேன். நீங்கள் தேடாதீர்கள்.

பெயருக்கு முன்னால் "டாக்டர்" போடலாமா என்ற இழுபறிக்குள் நான் போகவில்லை. போர்டில் பெயருக்குப் பின்னால் படிப்பை எழுதுங்கள், போதும்.

5. முதல் வேலை

இன்று பொள்ளாச்சி, உடுமலை, கோபி, தாராபுரம் என்று சின்ன ஊர்களில்கூடக் குழந்தைகளுக்கான தெரபி சென்டர்கள் இருக்கின்றன. வேலை கிடைக்கும். அது எப்படிப்பட்ட வேலை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் முதல் வேலை ஒரு சின்ன சென்டரில். பெயர் வேண்டாம். மாதம் 14,000 ரூபாய், ஒரு நாளில் ஒன்பது குழந்தைகள், ஒரு குழந்தைக்கு 45 நிமிடம். ஒன்பது தடவை முக்கால் மணி என்றால் மொத்தம் ஆறே முக்கால் மணி நேரம். இதற்கு மேல் குறிப்பு எழுதுவது, பெற்றோரிடம் பேசுவது. கேஸ் ஃபைலை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி பத்து மணிக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் எந்தக் குழந்தைக்கு எந்தக் குறிக்கோள் என்பதே எனக்குக் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்த சென்டர் என்னை ஏமாற்றவில்லை. சேரும்போது நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஆகவே நேர்காணலில் வாய் திறந்து கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகள்? குறிப்பு எழுதத் தனி நேரம் உண்டா? குழந்தை வராவிட்டால் அந்த செஷனுக்குச் சம்பளம் பிடிப்பார்களா? எனக்கு மேலே படித்த தெரபிஸ்ட் யாராவது இருக்கிறாரா? முதல் வருடத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் மற்ற மூன்றையும்விடப் பெரிது. மூவாயிரம் குறைவாக வந்தாலும் சீனியர் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

வலைகள் சில:

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். "எல்லாரும் கொடுத்திருக்காங்க" என்றால் அந்த வேலை வேண்டாம்.

இரண்டு வருட பாண்ட் என்று ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பதாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியை முதலில் தேடுங்கள்.

உங்கள் படிப்பையும் பெயரையும் போர்டில் போட்டுவிட்டு, சிகிச்சையை ஒன்றும் படிக்காதவர்களிடம் விடுகிற சென்டர்களும் உண்டு. நீங்கள் பார்க்காத குழந்தையின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்ட ஆள்தான்.

சம்பளம் கையில் ரொக்கமாக வேண்டாம், வங்கிக் கணக்கில் கேளுங்கள். இருபது பேருக்குக் கீழே இருக்கும் சென்டரில் பி.எஃப். பெரும்பாலும் இருக்காது. நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு வங்கிப் பதிவுதான் சாட்சி.

வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழ்: லெட்டர்ஹெட், பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும். வளைகுடா நாடுகளுக்குப் போனால் டேட்டாஃப்ளோ நிறுவனம் வேலை பார்த்த இடத்தையே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும். என் தோழி ஒருத்தி வேலை பார்த்த சென்டரை மூடிவிட்டார்கள், இருந்தது ஒரு ஜிமெயில் முகவரி மட்டும். இரண்டு வருட அனுபவத்தை அவளால் நிரூபிக்கவே முடியவில்லை.

6. அரசு ஒப்பந்த வேலை

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகள் அந்தந்த மாவட்டத்தின் அரசு இணையதளத்தில் வரும். ஆட்சேர்ப்புப் பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள், பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து. பிறந்த குழந்தைகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வரை பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு ஆள் எடுக்கும்போது நம் படிப்புக்கும் எப்போதாவது இடம் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் விழுதுகள் மையங்களையும் கவனியுங்கள். வேலை பொதுவாக 11 மாத ஒப்பந்தம், நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். விண்ணப்பிக்க இரண்டு வாரம் கிடைத்தால் அதிகம். தபாலில் கேட்டிருந்தால் ஸ்பீடு போஸ்ட், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

7. குறிக்கோளை ஊர் பாஷையில் எழுதுங்கள்

இதைத் தாள் வேலை என்றும் சொல்லலாம், நம் தொழிலே இதுதான் என்றும் சொல்லலாம்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் கை போய், விரல்களை மடக்கும் தசைநாண்களைத் தைத்திருந்தார்கள். நான் விரல் மூட்டுகளின் கோணத்தை அளந்து, பிடிமான வலுவை இத்தனை கிலோவாக உயர்த்துவது குறிக்கோள் என்று அழகாக எழுதினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இந்தக் கையில இனிப் பால் பீச்ச முடியுமா?" என்றார். இரண்டு எருமை. காலை ஆறு மணிக்குச் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். வீட்டில் அவரும் அவருடைய ஆத்தாவும்தான்.

அன்று முதல் குறிக்கோளை மாற்றி எழுதினேன். முதல் ஆறு வாரம் கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட், அதற்குள் மருத்துவர் அனுமதித்த அசைவு மட்டும். பிறகு ஈரத்துணியை லேசாகப் பிழிவது, சப்பாத்தி மாவைப் பிசைவது. தைத்த நாணுக்கு முழு வலு வர ஏறக்குறைய 12 வாரம் பிடிக்கும். அதற்கு முன் மடியில் கை வைத்தால் தையல் அறுந்துபோகலாம். இதை அப்படியே சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதுவரை பாலுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பையனை ஏற்பாடு செய்துகொண்டார். கிலோ கணக்கில் சொல்லியிருந்தால் மூன்றாம் வாரமே கறந்து பார்த்திருப்பார்.

அளவுகோல்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை அளக்கும் பார்தெல் இன்டெக்ஸில் பத்து இனம், முழு மதிப்பெண் 100. கழிப்பறைக்கு முழு மதிப்பெண் போடுமுன் வீட்டில் இருப்பது குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறையா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் நாற்காலிக் கழிப்பறையில் எல்லாம் சரியாக இருந்த பாட்டி, வீட்டுக்குப் போன மறுநாளே எழ முடியாமல் மாட்டிக்கொள்வார். சமையலை மதிப்பிடும்போது டீ போடுவது போதாது. சந்தகை பிழிவதும் களி கிண்டுவதும் தோளையும் மணிக்கட்டையும் கேட்கும் வேலைகள்.

மில், விசைத்தறி, பட்டறை, தேங்காய் மட்டை மெஷின் என்று இந்தப் பக்கம் கைக் காயம் அதிகம் பார்ப்பீர்கள். கோவை கங்கா மருத்துவமனை கை அறுவைச் சிகிச்சைக்குப் பேர் பெற்றது. அப்படிப்பட்ட இடத்தில் சில வாரம் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பல ஆயிரம் கட்டி வார இறுதியில் முடிக்கும் சான்றிதழ் வகுப்புகளை முதல் வருடம் தள்ளி வையுங்கள். கையில் பத்து நோயாளிகளாவது இல்லாமல் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் மனதில் ஒட்டாது.

8. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது

தோட்டத்துச் சாளைக்குப் போவதானால் முதலில் போன் செய்து நாயைக் கட்டச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டணத்தைப் போக வரப் பெட்ரோல் சேர்த்து முதல் நாளே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் முகம் மாறும். குழந்தை என்றால் பெற்றோரில் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். குழந்தைக்கு யாராவது பாலியல் தொந்தரவு கொடுப்பதாகத் தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012-ன் போக்சோ சட்டப்படி நம் கடமை. "குடும்ப விஷயம், வெளிய சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டாலும் சட்டம் விடாது.

9. பில்லும் ரிப்போர்ட்டும்

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிக்கும் அதில் இடம் இருக்கிறது. பெற்றோர் பணத்தைத் திரும்பப் பெற உங்கள் பில் ஒழுங்காக இருக்க வேண்டும்: குழந்தையின் பெயர் அட்டையில் உள்ளபடி, தேதிவாரியாகச் செஷன்கள், தொகை, உங்கள் பெயர், படிப்பு, பதிவு எண், முத்திரை. துண்டுச் சீட்டில் "தெரபி 6,000" என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பணம் அவர்களுக்குத் திரும்ப வராது. பல பெற்றோருக்கு இப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாது, நீங்களாகவே சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான சதவீதத்தை முடிவு செய்வது மருத்துவர் குழு. "நல்லாப் போட்டுக் குடுங்க" என்று கேட்டால் நீங்கள் எழுதக்கூடியது குழந்தையால் எதைச் செய்ய முடிகிறது, எதை முடியவில்லை என்பதை மட்டும்.

10. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

முதல் வேலையாக, உங்கள் கல்லூரியின் படிப்பு டபிள்யூ.எஃப்.ஓ.டி. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, நீங்கள் படித்த ஆண்டுகள் அதற்குள் வருகின்றனவா என்று பாருங்கள்.

பிரிட்டனில் ஹெச்.சி.பி.சி. என்ற கவுன்சிலில் பதிவு. அமெரிக்காவுக்கு என்.பி.சி.ஓ.டி. என்ற தேர்வு வாரியம் முதலில் தகுதியை ஆராயும், அப்புறம்தான் தேர்வு எழுத விடும். ஆஸ்திரேலியா, கனடாவுக்கும் தனித்தனி மதிப்பீடு. எங்கே போனாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பாடத்திட்டம், டிரான்ஸ்கிரிப்ட், துறைவாரி மணிக்கணக்கு, அனுபவச் சான்று. இரண்டாவது தலைப்பில் சொன்ன அதே தாள்கள்.

நான் செய்த தப்பு, ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வை முதலில் எழுதியது. ஹெச்.சி.பி.சி. மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் கேட்கிறது. எனக்கு முதல் தடவையே வந்தது, வீட்டில் பாயசமெல்லாம் வைத்தார்கள். அந்த மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். கல்லூரிக் கடிதத்துக்கே ஏழு மாதம், பழைய சென்டரில் அனுபவச் சான்றைத் திருத்தி வாங்க மூன்று மாதம், நடுவில் பாஸ்போர்ட் பெயர்த் திருத்தம். கடைசித் தாள் கையில் வந்தபோது மதிப்பெண்ணுக்கு மூன்று வாரம் மிச்சம். மறுபடி 18,000 ரூபாய்க்குக் கிட்டக் கட்டி எழுதினேன். எழுத்துப் பிரிவில் 6.0 வந்தது, மூன்றாவது தடவையும் எழுத வேண்டியதாயிற்று. தாள்கள் எல்லாம் ஃபைலில் சேர்ந்த பிறகு தேர்வுக்குத் தேதி வாங்குங்கள்.